இருட்டில் எவ்வளவு இயங்குகிறது? ஒளியால் இயக்கப்படும் ரேக் புரதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2009ஆம் ஆண்டு வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிளாஸ் ஹான் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. முதல் ஆசிரியர் யீ வூ. ஒளிக்குக் கட்டுப்படும்படி மாற்றிய ரேக் என்ற புரதத்தை உயிருள்ள செல்லுக்குள் வைத்து, அதன் ஓரத்தில் நீல லேசர் புள்ளி ஒன்றைப் பாய்ச்சுகிறார்கள்; சற்று நேரத்தில் அந்த ஓரம் பிதுங்கி முன்னால் வருகிறது; புள்ளியைத் திரும்பத் திரும்ப அதே பக்கத்தில் காட்டினால் செல் அந்தப் பக்கமாக நகர்ந்து போகிறது. ஒளியால் புரதங்களைக் கட்டுப்படுத்துவது பற்றிய எந்த உரையிலும் இந்தக் காட்சி தவறாமல் இடம்பெறும். என்னைக் கேட்டால், நின்று பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் மந்தமான சோதனையைத்தான். அதே புரதம், அதே லேசர். ஒளியைப் பிடிக்கும் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. அந்தச் செல்களில் பிதுங்கல் எழவில்லை.

ஒரு புரதத்தை ஒளியால் தூண்டுவது பெரிய காரியமில்லை. ஒளி இல்லாதபோது அதைச் சும்மா இருக்கவைப்பதுதான் கடினம். இந்த ஒரு புரதத்தின் கதையை முதலிலிருந்து பார்த்தால் அது ஏன் என்பது விளங்கும். எவ்வளவு கசிவைச் செல் பொறுத்துக்கொள்ளும், அதாவது ஒளி இல்லாமலே நடக்கும் இயக்கத்தை எவ்வளவு தாங்கும் என்பதும் ஓரளவு விளங்கும்.

பழைய சிக்கல்

ரேக்1 ஒரு சிறிய புரதம். குவனோசின் முப்பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது இயங்கு நிலையில் இருக்கும். ஒரு பாஸ்பேட் வெட்டப்பட்டால் ஓய்வுக்குப் போய்விடும். இயங்கு நிலையில் பாக் போன்ற கைனேஸ்களை (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளை) பற்றிக்கொண்டு, சவ்வுக்கு அடியில் செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகளை வளரச் செய்கிறது. 1992இல் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் அவர்களுடைய குழுவினரும் ரேக் புரதத்தை நுண்ணூசியால் செல்களுக்குள் செலுத்தி, செல்லின் ஓரம் மடிப்பு மடிப்பாகப் பொங்கி எழுவதைக் காட்டினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் இந்தத் துறை அதே முறையிலேயே ஓடியது: எப்போதும் இயங்கும் ரேக்கைச் செல்லில் வை, என்ன ஆகிறதென்று பார், இயங்கவே இயங்காத ரேக்கை வை, மறுபடி பார்.

இந்த முறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. நகரும் செல்லில் ரேக் முன்புறத்தில் மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும் இயங்குகிறது. செல் முழுவதையும் மணிக்கணக்கில் ரேக்கால் நிரப்பிவிட்டு, ‘நகர்வதற்கு ரேக் போதுமா’ என்று கேட்க முடியாது. மருந்துகளும் இதற்கு உதவவில்லை. இரண்டு புரதத் துண்டுகளை ஒட்டவைக்கும் ராபமைசின் போன்ற மூலக்கூறு விரைவாக வேலை செய்கிறது; ஆனால் தட்டு முழுவதும் பரவிவிடுகிறது, ஒட்டியதை எளிதில் விடுவதும் இல்லை. இடத்தையும் நேரத்தையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்க ஒளியைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

ஓட்ஸிலிருந்து வந்த விசை (ஸ்விட்ச்)

தாவரங்கள் வெளிச்சம் வரும் பக்கம் வளைவதற்கு ஃபோட்டோட்ரோபின் என்ற புரதங்களைப் பயன்படுத்துகின்றன. ஓட்ஸ் பயிரின் ஃபோட்டோட்ரோபின்1இல் எல்ஓவி2 என்றொரு பகுதி இருக்கிறது. அதன் நடுவில் ஃபிளேவின் மோனோநியூக்ளியோடைடு மூலக்கூறு அமர்ந்திருக்கும். நீல ஒளி பட்டதும், சிறப்பாக 450 நானோமீட்டரை ஒட்டிய ஒளி பட்டதும், அந்த ஃபிளேவின் 450ஆவது இடத்திலுள்ள சிஸ்டீனோடு சகப்பிணைப்பு ஏற்படுத்துகிறது. அந்த இழுபறி புரதத்தின் மறுபக்கம் வரை கடத்தப்பட்டு, அங்கே ஒட்டியிருந்த ஜே-ஆல்ஃபா என்ற சுருள் விடுபட்டுக் குலைகிறது. இதை 2003இல் ஹார்ப்பர், நீல், கார்ட்னர் மூவரும் காட்டியிருந்தார்கள். ஒளியை நிறுத்தினால் பிணைப்பு தானாகவே உடைந்து, ஒரு நிமிடத்துக்குள் பாதி மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஃபிளேவின் எல்லாச் செல்களிலும் இருப்பதால் வெளியிலிருந்து எந்த நிறமியையும் சேர்க்க வேண்டியதில்லை. நடைமுறையில் இது பெரிய வசதி.

ஹான் குழுவினர் எல்ஓவி2இன் 404 முதல் 547 வரையுள்ள பகுதியை ரேக்1இன் தலைப்பக்கத்தில் இணைத்தார்கள். இணைப்பில் எத்தனை அமினோ அமிலங்களை விடுவது, எத்தனையை வெட்டுவது என்று பல வடிவங்களைச் செய்து, பாக் புரதத்தோடு ஒட்டும் திறனை வைத்து வடிகட்டினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த ரேக் இயல்பான ரேக் அன்று. 61ஆவது குளூட்டமினை லூசினாக மாற்றிய, பாஸ்பேட்டை வெட்டவே முடியாத, எப்போதும் இயங்கும் வடிவம். செல்லின் சொந்தக் கட்டுப்பாடுகள் குறுக்கே வரக் கூடாது, ஒளி மட்டுமே முடிவு செய்ய வேண்டும் என்பது நோக்கம்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். புரதம் முதலிலிருந்தே இயங்கு நிலையில் இருக்கிறது. ஒளி அதை இயக்குவதில்லை. மேலே கவிழ்ந்திருக்கும் மூடியை நீக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே பொறியியல் முழுவதும் மூடியில்தான். மூடி நன்றாகப் பொருந்தாவிட்டால், லேசரைத் தொடுவதற்கு முன்பே செல் பொங்கிக்கொண்டிருக்கும்.

மூடி பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. படிக அமைப்பை எடுத்துப் பார்த்தபோது, இருட்டு நிலையில் எல்ஓவி2 ரேக்கின் மேல் ஒட்டி உட்கார்ந்து, பாக் வந்து பற்றவேண்டிய இடத்தை மறைப்பது தெரிந்தது. அந்த ஒட்டலுக்கு ரேக்கின் 56ஆவது இடத்திலுள்ள டிரிப்டோஃபேன் துணை நிற்கிறது. இந்த ஒட்டலை யாரும் திட்டமிட்டு வரையவில்லை. ரேக்கின் நெருங்கிய உறவான சிடிசி42இல் அந்த இடத்தில் ஃபீனைல்அலனின் இருக்கிறது. அதை டிரிப்டோஃபேனாக மாற்றிய பிறகுதான் சிடிசி42வையும் அதே முறையில் ஒளிக்குக் கட்டுப்படுத்த முடிந்தது. ‘ஒளியுணர் பகுதியை எந்தப் புரதத்தோடும் ஒட்டிவிடலாம்’ என்று அறிமுகக் கட்டுரைகளில் படிப்பவர்கள் இந்த ஓர் அமினோ அமிலத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாத்திய கதவு, தாழிடாத கதவு

எல்ஓவி2இன் சுருள் இருட்டில் ஒட்டியும் ஒளியில் விடுபட்டும் இருக்கிறது என்று எழுதுவது வழக்கம். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். உண்மையில் இரண்டு நிலைகளிலும் ஒட்டுவதும் விடுவதும் ஓயாமல் நடக்கின்றன; ஒளி அந்தச் சமநிலையை ஒரு பக்கம் சாய்க்கிறது. யாவோ, ரோசன், கார்ட்னர் 2008இல் இதை அளந்தார்கள். இருட்டில் ஏறத்தாழ 1.6 சதவீத மூலக்கூறுகளில் சுருள் விடுபட்டிருக்கிறது. ஒளியில் சுமார் 91 சதவீதத்தில். சமநிலை விகிதம் ஏறத்தாழ 600 மடங்கு மாறுகிறது. ஆற்றல் கணக்கில் மோலுக்கு 3.8 கிலோகலோரி. இந்த விசையால் செய்யக்கூடிய வேலை எல்லாவற்றுக்கும் இதுதான் கையிருப்பு. கதவு சாத்தப்பட்டிருக்கிறது, தாழிடப்படவில்லை.

இந்தக் கையிருப்பு அப்படியே இலக்குப் புரதத்துக்கு வந்து சேர்வதும் இல்லை. ஒளியால் இயங்கும் ரேக்கில், பாக் ஒட்டும் வலிமை இருட்டுக்கும் ஒளிக்கும் இடையே பத்து மடங்கு அளவே மாறியது. 91ஐ 1.6ஆல் வகுத்தால் 57 வருகிறது. கையில் கிடைத்தது பத்து. வேறொரு எல்ஓவி2 கலவைப் புரதத்தில், டிஎன்ஏவோடு ஒட்டும் டிரிப்டோஃபேன் ஒடுக்கியில், முதல் வடிவம் தந்த வேறுபாடு ஐந்து மடங்கு அளவுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சாஸ்னிக் ஆய்வகத்தோடு தொடர்புடைய குழு 2010இல் சுருளை இருட்டில் இறுக்கமாக ஒட்டவைக்கும் மாற்றங்களைச் செய்து, அதை 70 மடங்கு வரை உயர்த்தியது. ஒளி நிலையை மேம்படுத்தி அவர்கள் அங்கே போகவில்லை. இருட்டு நிலையைத் திருத்தினார்கள். 91இலிருந்து மேலே ஏற அதிக இடமில்லை. 1.6இலிருந்து கீழே இறங்க நிறைய இடம் இருக்கிறது.

கசிவின் விலையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. செல்லின் சொந்த ரேக்கைப் போலப் பத்து மடங்கு விசைப் புரதத்தை உற்பத்தி செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.6 சதவீதம் கசிந்தால், சொந்த ரேக்கில் 16 சதவீதம் நிரந்தரமாக இயங்குவதற்குச் சமம். ஓய்வில் இருக்கும் செல்லுக்கு அது சிறிய அளவே அன்று. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் நன்றாக ஒளிரும் செல்களை, அதாவது ஒளிர் குறியிட்ட விசைப் புரதம் நிறைந்த செல்களை, தேர்ந்தெடுப்பதில்லை. மங்கலாக, கேமரா தடுமாறும் அளவில் இருக்கும் செல்லில்தான் சோதனை சுத்தமாக வரும்.

செல் எதை வாசிக்கிறது

அப்படியானால் வெறும் பத்து மடங்கு வேறுபாடு எப்படிப் போதுமானது? இந்த நிகழ்வில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தக் கேள்விதான்.

நகரும் செல் ரேக்கின் மொத்த அளவை மட்டும் பார்ப்பதில்லை; ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. கசிவு செல் முழுவதும் சீராகப் பரவியிருந்தால், அது வித்தியாசத்தைக் கெடுப்பதில்லை. லேசர் புள்ளி விழுந்த இடத்தில் அளவு உயர்ந்தாலே திசை கிடைத்துவிடுகிறது. இயக்கத்தை நிறுத்தும் வகை ரேக்கையும் இதே விசையோடு இணைத்து, ஓரிடத்தில் ரேக் செயல்பாட்டைத் தணித்தபோதும் செல்லின் திசையை மாற்ற முடிந்தது. கட்டுரை சொன்ன வேறு இரண்டு முடிவுகளும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை: ரேக்கால் பிதுங்கல் எழுவதற்கு பாக் தேவை, ஆக்டின் இழைகளை இழுக்கும் மோட்டார் புரதமான மயோசின் தேவையில்லை, ஆனால் திசையைப் பிடித்து நகர்வதில் மயோசினுக்குப் பங்கு உண்டு. பிதுங்குவதும் நகர்வதும் வேறு வேறு வேலைகள். செல் முழுவதையும் ரேக்கால் நிரப்பிய பழைய சோதனைகளில் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டுவது மிகக் கடினம்.

2010இல் டெனிஸ் மான்டெல் குழுவும் ஹான் குழுவும் சேர்ந்து பழ ஈயின் முட்டையறையில் இதைச் சோதித்தார்கள். அங்கே ஆறு முதல் எட்டு செல்கள் கொத்தாக நகர்கின்றன. கொத்தில் ஒரே ஒரு செல்லில் ரேக்கைத் தூண்டினால் கொத்து முழுவதும் திசை மாறுகிறது. முன்னால் போகும் செல்லில் ரேக்கை அடக்கினால், மற்ற செல்கள் வேறு பக்கங்களில் நீட்சிகளை நீட்டுகின்றன. ஒவ்வொரு செல்லும் தனித்தனியே முடிவெடுக்கவில்லை. தங்களுக்குள் யாரிடம் ரேக் அதிகம் என்று ஒப்பிட்டு, கூட்டாகத் திசை பிடிக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். இந்தப் பேச்சுக்கு ஜேஎன்கே என்ற கைனேஸ் தேவைப்பட்டது. வழிகாட்டும் ஏற்பிகள் தேவைப்படவில்லை. இங்கும் ஒப்பீடுதான் எல்லாம். கசிவு எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் இருக்கும்வரை ஆபத்தில்லை.

அதே ஆண்டு வரிக்குதிரை மீனின் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களில் செய்த சோதனை இன்னொரு எல்லையைக் காட்டியது. இயல்பான செல்லில் ரேக் புள்ளி திசையைத் தருகிறது. சவ்வுக் கொழுப்புகளில் பாஸ்பேட்டை ஒட்டும் பிஐ3 கைனேஸ் என்ற நொதியைத் தடுத்துவிட்டு அதே புள்ளியைக் காட்டினால், செல் பிதுங்குகிறது, ஆனால் அந்தத் திசையில் போவதில்லை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்ற ஆக்டின் ஒழுங்கு திரும்பவில்லை. ஒளியால் ஒரு புரதத்தை இயக்குவது, அது ஏற்கெனவே அமர்ந்திருக்கும் வலைப்பின்னலைச் செல்லிடமிருந்து கடன் வாங்குவதுதான்.

புள்ளி எவ்வளவு கூர்மையானது

லேசரை 10 மைக்ரோமீட்டர் வட்டத்தில் குவித்தால் ரேக்கும் அந்த வட்டத்துக்குள்ளேயே இயங்கும் என்று நினைத்துவிடத் தோன்றும். புரதங்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சவ்வில் ஒட்டிய சிறு புரதம் விநாடிக்கு அரை சதுர மைக்ரோமீட்டர் என்ற அளவில் பரவுவதாக எடுத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் அது சுமார் 11 மைக்ரோமீட்டர் தூரம் போயிருக்கும். விசை தணிய ஏறத்தாழ அதே நேரம் ஆகிறதென்றால், உண்மையான வட்டம் ஒளி வட்டத்தைவிட நன்றாகவே பெரியது.

எல்ஓவி2இல் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, தணியும் நேரத்தைப் பல நிமிடங்களாக நீட்டலாம். குறைந்த ஒளியே போதும், செல்லுக்குச் சேதம் குறைவு என்று அந்த வடிவங்கள் கவர்ச்சியாகத் தெரியும். விலை இடத்தில் போய் விழுகிறது: பத்து நிமிடம் விழித்திருக்கும் புரதம் சிறிய செல்லில் எல்லாப் பக்கமும் சுற்றி வந்துவிடும். திசையைச் சோதிக்க வேண்டுமென்றால் வேகமாகத் தணியும் விசை. தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் தூண்ட வேண்டுமென்றால் மெதுவாகத் தணியும் விசை. இரண்டுக்கும் ஒரே விசையை வைத்துக்கொண்டு சமாளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சல்தான் வருகிறது.

நடைமுறையில் இன்னொரு தொல்லை, பார்ப்பதே தூண்டுவதாகிவிடுவது. பச்சை ஒளிர் புரதத்தைப் படமெடுக்கப் பயன்படும் 488 நானோமீட்டர் லேசர் எல்ஓவி2வையும் எழுப்பிவிடும். செல் எங்கே இருக்கிறது என்று தேடும்போதே சோதனை தொடங்கிவிடுகிறது. ஆகவே செல்லைத் தேடுவதும் குவியம் பிடிப்பதும் சிவப்பில் நடக்க வேண்டும். அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிய வேண்டும். நீல ஒளியே செல்லுக்கு ஆகாது என்பதும் உண்டு: ஃபிளேவின்கள் அதை உறிஞ்சி ஆக்சிஜனை வினைமிக்க வடிவங்களாக மாற்றுகின்றன. சிஸ்டீன் மாற்றப்பட்ட புரதத்தைக் கொண்ட செல்லுக்கும் அதே அளவு ஒளியைக் கொடுக்கும் சோதனை இல்லாத கட்டுரையில், தெரிவது ரேக்கின் வேலையா, ஒளியின் தொல்லையா என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் குறிப்பிட்ட மந்தமான சோதனையின் மதிப்பு இதில் இருக்கிறது.

ஒப்பீடு உதவாத இடம்

எல்லாச் சமிக்ஞைகளும் ஒப்பீட்டால் வாசிக்கப்படுவதில்லை. அதே 2009இல் லெவ்ஸ்கயா, வெய்னர், லிம், வாய்ட் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினார்கள். தாவரங்களின் ஃபைட்டோகுரோம் பி 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் பிஐஎஃப் என்ற துணைப் புரதத்தோடு ஒட்டும். 750 நானோமீட்டரில் விட்டுவிடும். ஒன்றைச் சவ்வில் கட்டிவைத்து, மற்றதோடு சமிக்ஞைப் புரதத்தை இணைத்தால், ஒளி அதைச் சவ்வுக்கு அழைத்து வருகிறது. இங்கே மூடி எதுவும் இல்லை. புரதம் வேலை செய்யும் இடத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறது. நிறமியை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும் என்பது தொல்லை. ஆனால் அணைப்பதற்கும் ஓர் ஒளி இருப்பது பெரிய பலம்: தணியும்வரை காத்திருக்க வேண்டாம், தூண்டக் கூடாத இடத்தில் அணைக்கும் ஒளியை ஊற்றி வைக்கலாம்.

2013இல் டோட்சர், வெய்னர், லிம் மூவரும் இந்த முறையால் ராஸைத் தூண்டும் சாஸ் புரதத்தைச் சவ்வுக்கு அழைத்து, செல்லின் வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் கடத்தும் ராஸ்–எர்க் பாதையைத் துடிப்புத் துடிப்பாக இயக்கினார்கள். சில நிமிடத் துடிப்புகளையும் எர்க் உண்மையாகப் பின்தொடர்ந்தது. ஆனால் பாதையின் கீழே இருந்த ஒரு விளைவு நீண்ட தூண்டலுக்கு மட்டுமே எழுந்தது: செல்கள் வெளியே சுரந்த சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதத்தின் வழியாக, மரபணுக்களை இயக்கும் ஸ்டாட்3 தூண்டப்படுவது. இத்தகைய விளைவு நேரத்தைக் கூட்டி வாசிக்கிறது. இங்கே கசிவு வேறு வகையான எதிரி. ரேக்கில் சீரான கசிவு கண்ணில் படாமல் போகலாம். மணிக்கணக்கில் சேர்த்துக் கூட்டும் பாதையில் சிறு கசிவும் ஒரு நீண்ட தூண்டலாக எண்ணப்படும். ரேக்குக்குப் போதுமான பத்து மடங்கு இங்கே போதுமானது என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

மூளைக்குள் ஒரு ரேக்

ஹான் குழுவின் ரேக்கை மிகத் தொலைவுக்கு எடுத்துச் சென்றது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹயாஷி-டகாகியும் கசாயும் சார்ந்த குழு, ஆண்டு 2015. நரம்புச் செல்களின் கிளைகளில் பிற நரம்புச் செல்களின் சமிக்ஞையை வாங்கும் சிறு புடைப்புகளுக்கு முட்கள் என்று பெயர்; அவற்றில் ரேக்கை நீண்ட நேரம் இயக்கினால் முட்கள் சுருங்குகின்றன. செல் ஓரத்தைப் பிதுங்கவைத்த அதே புரதம் இங்கே சுருங்கவைக்கிறது. அவர்கள் செய்த மாற்றம் விசையில் இல்லை, முகவரியில்: புதிதாக வலுப்பெற்ற முட்களில் மட்டும் புரதம் சேரும்படி, ஆர்க் மரபணுவின் ஆர்என்ஏ இலக்குக் குறியையும், முட்களில் குவியும் பிஎஸ்டி-95 புரதத்தின் ஒரு துண்டையும் சேர்த்தார்கள். எலிகள் சுழலும் தண்டில் ஓடப் பழகின. பிறகு இயக்கப் புறணியில் நீல ஒளி பாய்ச்சப்பட்டது. வலுப்பெற்ற முட்கள் சுருங்கின, பழகிய திறனும் குலைந்தது.

இருட்டு நிலைச் சோதனையும் ஒளி உணராத வடிவமும் இங்கே போதுமானவை அல்ல. எந்த முட்களைச் சுருக்கினாலும் எலி தடுமாறியிருக்கக்கூடும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்காக எலிகளை வேறோர் இயக்கப் பயிற்சியில் பழக்கி, அந்தப் பயிற்சியால் வலுப்பெற்ற முட்களை, அதே புறணிப் பகுதியில், அதே ஒளியால் சுருக்கினார்கள். சுழலும் தண்டில் பழகிய திறன் குலையவில்லை.